எச்சரிக்கை: கார்டியன் உத்தரவை மட்டும் காட்டி வம்சாவளி போட்டுத் தருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

பழைய உயில், மைனர் கார்டியன் வழக்குக் கட்டு எல்லாம் தேடி எடுத்து "கோர்ட்டில் நிற்கிற வம்சாவளி" போட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு சேவையிடம் தென்மாவட்டக் குடும்பம் ஒன்று 85,000 ரூபாய் இழந்திருக்கிறது. அவர்கள் வாங்கிவந்த கட்டை வரிவரியாகப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறோம். குடும்பத்தின் பெயர்கள் மாற்றப்பட்டவை. செய்தவர் யார், எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம்; இதே வேலையைச் செய்ய இன்னும் பல பேர் இருக்கிறார்கள்.

கட்டில் மூன்று தாள்கள். 1931-ல் சுப்பையா எழுதிய உயிலின் டைப் அடித்த பிரதி. மைனர் முத்தையாவின் சொத்துக்கு வேலாயுதம் என்பவரை ஜில்லா கோர்ட் 1938-ல் கார்டியனாக நியமித்த உத்தரவு, ஒரே பக்கம். மைனர் மேஜரானதால் 1949-ல் கார்டியன் விடுவிக்கப்பட்டதாக அடியில் ஒரு குறிப்பு. மூன்றாவது, லேமினேட் செய்த வம்சாவளிப் படம்.

உயிலில் "மூன்று வயதுள்ள என் குமாரன் முத்தையா" என்று இருக்கிறது. அப்படியென்றால் பிறப்பு 1928. சேவைக்காரர் 1949-லிருந்து 18-ஐக் கழித்து 1931 என்று போட்டார். மூன்று வருஷம் இடிக்கிறது. கணக்கைத் திரும்பப் பார்க்காமல் ஒரு பிள்ளையைக் கூட்டிவிட்டார்: மூத்த முத்தையா இறந்துபோனானாம், அதே பெயரை அடுத்துப் பிறந்தவனுக்கு வைத்தார்களாம், அந்த இளையவனைச் சித்தப்பா வேலாயுதம் தத்தெடுத்தாராம். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது நம் ஊரில் நடப்பதுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

1875-ஆம் வருஷத்து மெஜாரிட்டி சட்டப்படி பொதுவாக 18-ல் மேஜர். ஆனால் 18 ஆவதற்குள் கோர்ட் கார்டியன் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு 21 முடிந்தால்தான் மேஜர். இந்த விதிவிலக்கு 1999 திருத்தம் வரை இருந்தது. 1949-ல் 21 போனால் 1928. உயிலில் இருக்கும் அதே பையன்தான். இரண்டாவது முத்தையா என்று ஒருவர் பிறக்கவே இல்லை. கார்டியன் கட்டிலிருந்து பிறந்த வருஷம் கணக்கிடுபவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான்.

அடுத்தது வேலாயுதம். "கார்டியன் என்றாலே தத்துத் தகப்பன் மாதிரிதான்" என்று குடும்பத்திடம் சொல்லப்பட்டிருக்கிறது. தத்தெடுத்திருந்தால் அவரே இயற்கைக் காப்பாளர், அதாவது கோர்ட் நியமிக்காமலே கார்டியன், ஆகிவிடுவார். கோர்ட்டுக்குப் போய் நியமனம் கேட்க அவருக்கு என்ன அவசியம்? உண்மையில் அவர் தாய்மாமன். மாமனைப் பங்காளியாக்கி, ஒரு கிளையையே முளைக்க வைத்து, அந்தக் கிளைக்குப் பங்கு கேட்டு வக்கீல் நோட்டீசும் போய்விட்டது. எதிர்த்தரப்பு கார்டியன் மனுவின் நகலை இணைத்துப் பதில் அனுப்பியபோதுதான் குடும்பத்துக்கு விஷயம் புரிந்தது.

உறவைச் சொல்வது உத்தரவு இல்லை, மனு. 1890-ஆம் வருஷத்து கார்டியன் சட்டத்தின் 10-வது பிரிவு மனுவில் என்னென்ன எழுத வேண்டும் என்று பட்டியலே போடுகிறது: மைனரின் பெயர், மதம், பிறந்த தேதி, வசிக்கும் இடம், சொத்தின் விவரமும் உத்தேச மதிப்பும், பிள்ளை யாரிடம் இருக்கிறது, நெருங்கிய உறவினர் யார் யார், அவர்கள் எங்கே இருக்கிறார்கள். வம்சாவளிக்கு இதைவிட நல்ல காகிதம் கிடைப்பது அபூர்வம். உத்தரவில் "மனு அனுமதிக்கப்பட்டது" என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதே கட்டில் இடைமனுக்களும் (வழக்கின் நடுவே அனுமதி கேட்டுப் போடும் மனுக்கள்) இருக்கும். 29-வது பிரிவின்படி கோர்ட் அனுமதி இல்லாமல் கார்டியன் மைனரின் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. அனுமதி கேட்கும் மனுவில் காரணம் எழுதுவார்கள், உதாரணத்துக்கு "மைனரின் தமக்கை விவாகச் செலவுக்காக". உயிலில் ஒரு வரிகூடக் கிடைக்காத பெண்பிள்ளைகளின் பெயர் இப்படித்தான் வெளியே வரும். மனு, ஆட்சேபம், இடைமனு, கணக்கு, உத்தரவு எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். பழைய கட்டுகளை கோர்ட்டுகள் சட்டப்படி அழிப்பதும் உண்டு. அழிந்தது என்று சொன்னால் அதையும் நகல் மனுவின் மேலேயே எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தையாக விடவேண்டாம்.

இப்போது உயில். இதற்குத் தனியாக 20,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். "பதிவான உயிலை வெளியாள் பார்க்க முடியாது, உள்ளே ஆள் வைத்துத்தான் எடுக்க வேண்டும்" என்பது சொன்ன காரணம். பச்சைப் பொய். சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் பதிவாகும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோதான் நகல். அவர் இறந்துவிட்டால் விண்ணப்பிக்கும் யாருக்கும் கொடுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு சொல்கிறது. தேடுவதை அலுவலகத்தார்தான் செய்வார்கள், புத்தகத்தை நம் கையில் தரமாட்டார்கள். அந்தச் சின்ன விஷயத்தைத்தான் "உள்ளே ஆள்" என்று விற்கிறார்கள். இறப்புச் சான்று, எழுதியவர் பெயர், தகப்பன் பெயர், உத்தேச வருஷம் இவற்றோடு நீங்களே போகலாம்.

வில்லங்கச் சான்றில் உயில் வராது. அது நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் பதிவாகும் 1-ஆம் புத்தகத்தைப் பார்த்துக் கொடுப்பது. வில்லங்கத்தில் இல்லை என்பதால் உயிலே இல்லை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நிலம் இருக்கும் சரக அலுவலகத்தில் மட்டும் தேடுவதும் வீண். உயிலை மாகாணத்தின் எந்தச் சார்பதிவாளரிடமும் பதிவு செய்திருக்கலாம். எழுதியவர் கடைசியாக இருந்த ஊர், மகள் வாக்கப்பட்ட ஊர், வியாபாரம் செய்த ஊர் என்று வரிசையாகப் பாருங்கள். முத்திரை வைத்த கவரில் ஒப்படைத்த உயிலைப் பற்றிய பதிவு மாவட்டப் பதிவாளரின் 5-ஆம் புத்தகத்தில் இருக்கும். உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தத்து என்று பேச்சு வந்தால் அதே 3-ஆம் புத்தகத்தில் தத்து அதிகாரப் பத்திரம் தேடச் சொல்லுங்கள். உயிலில் அல்லாமல் தனியாக எழுதி, மனைவிக்குப் பையனைத் தத்தெடுக்க அதிகாரம் கொடுத்தால், 1872 ஜனவரி 1-க்குப் பிறகு அதைப் பதிவு செய்தாக வேண்டும். தத்து நடந்ததற்குப் பத்திரமே தேவையில்லை என்பதால் "கிடைக்கவில்லை" என்ற பதில் எதையும் நிரூபிக்காது.

பதிவான உயில் என்று கொடுக்கும் டைப் பிரதியில் பதிவு எண், புத்தகம், வால்யூம், பக்கம், பதிவுத் தேதி எதுவும் இல்லாவிட்டால் அது வெறும் தாள். தமிழ் வருஷம் மட்டும் போட்டிருந்தால் இன்னும் கவனம்: விகாரி என்றால் 1899-1900-ஆகவும் இருக்கலாம், 1959-60-ஆகவும் இருக்கலாம். பசலி (வருவாய்த்துறைக் கணக்கு வருஷம்) எண்ணோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம், ஆனால் பசலி ஜூலையில் தொடங்கும். உயிலுக்கு முத்திரைத்தீர்வை கிடையாது. ஆகவே பழைய பத்திரத்தாளில் எழுதியிருப்பது பழமைக்கு அத்தாட்சி ஆகாது. 1950 தேதியிட்ட தாளில் நயா பைசா மதிப்பு இருந்தால் (அது 1957 ஏப்ரலில்தான் வந்தது), 1948 உயிலில் "சிவகங்கை மாவட்டம்" என்று இருந்தால் (அப்போது அப்படி ஒரு மாவட்டமே இல்லை), அது போலி என்று முடிவு செய்துவிடலாம். முப்பது வருஷப் பழைய ஆவணம் என்ற அனுமானமும் உயிலுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொல்லிவிட்டது.

பெயரை மட்டும் நம்பவே கூடாது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் குடும்பத்தில் "முத்தையா மகன் சுப்பையா" ஒன்றுவிட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வருவார். பெயரோடு மனைவி பெயர், சர்வே எண், வயது இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் ஆள் அவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோர்ட் கொடுக்கும் சான்றிட்ட நகலில் நகல் மனு எண்ணும், மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதியும் இருக்கும், பெரும்பாலும் பின்பக்கத்தில். இந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தது முன்பக்க ஜெராக்ஸ் மட்டும். சண்டை போட்டு அசலை வாங்கி, அந்த எண்ணை வைத்து நகல் பிரிவில் பார்த்ததில், சேவைக்காரர் உத்தரவு, மனு இரண்டுக்குமே ஒரே நாளில் விண்ணப்பித்து இரண்டையும் வாங்கியிருந்தார்.