ராஸ்பெர்ரி பை 400: கெடுத்துப் பழக ஒரு கணினி

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 14 வருடமாக டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் ஒரு எழுத்துரு சேர்க்க வேண்டுமென்றாலும் ஐடி பிரிவுக்குக் கோரிக்கை டிக்கெட் போட்டு, மேலாளர் ஒப்புதல் வாங்கி, இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அது அவர்களுடைய கணினி, உள்ளே வாடிக்கையாளர்களின் தரவு இருக்கிறது, அதனால் நியாயம்தான். ஆனால் மகளுக்கு ஒரு கணினி வாங்கலாம் என்று வந்தபோது நான் வைத்த ஒரே நிபந்தனை இந்த அனுபவத்திலிருந்து வந்தது. அவள் கையால் கெட்டுப்போனால் வீட்டில் யாரும் பதறக் கூடாது. கெடுத்தவளே அதைச் சரிசெய்யவும் முடிய வேண்டும்.

அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். வீட்டில் ஒரு டேப்லெட் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்கு அமெரிக்கக் குழுவுடன் கால் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் அவள் சத்தமில்லாமல் இருக்க அதைக் கையில் கொடுத்துவிடுவேன். கால் முடிந்து வந்து பார்த்தால், அவள் தேடிய வீடியோ எப்போதோ முடிந்திருக்கும். தானாக வந்த பத்தாவது வீடியோவைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். "என்ன பாத்த?" என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. தப்பு அவளுடையது இல்லை, கொடுத்தது நான்.

இடையில் ஒரு ஆன்லைன் கோடிங் வகுப்பிலும் சேர்த்துப் பார்த்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இலவச முதல் வகுப்பு முடிந்த மறுநாளிலிருந்து விற்பனைப் பிரிவிலிருந்து தினமும் போன். "உங்க பொண்ணுகிட்ட நல்ல திறமை இருக்கு மேடம், இப்ப விட்டா பின்தங்கிடுவா" என்றார்கள். அவள் செய்ததெல்லாம் ஆசிரியர் சொன்ன இடத்தில் சொன்ன கட்டத்தை இழுத்து வைத்தது மட்டும்தான். எட்டு வகுப்புக்குப் பணம் கட்டி, மூன்றோடு நிறுத்திவிட்டோம். பத்து வயதுக் குழந்தையின் பெற்றோருக்குப் பயம் காட்டி விற்பதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

போன மே மாத விடுமுறையில் ராஸ்பெர்ரி பை 400 வாங்கினோம். பெட்டியைப் பிரித்ததும் அத்தை (என் மாமியார்), "கீபோர்டு வந்திருக்கு, கம்ப்யூட்டர் எப்பம்மா வரும்?" என்று கேட்டார். கீபோர்டுக்குள்ளேயேதான் முழுக் கணினியும் இருக்கிறது. நீளம் 28 சென்டிமீட்டர் சொச்சம், கனம் இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. உள்ளே நான்கு கோர் செயலி, 4 ஜிபி ரேம். பின்பக்கம் திரைக்கு இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ, மூன்று யூஎஸ்பி, நெட்வொர்க் கேபிளுக்கு ஒரு துளை, மெமரி கார்டுக்கு ஒரு துளை, வெளிச் சாமான்களை இணைக்க 40 ஊசிகள். விசிறி கிடையாது. சூட்டை வாங்கிக்கொள்ள ஓர் உலோகத் தகடு மட்டும் இருப்பதால் துளிச் சத்தம் வராது.

இதைச் செய்தவர்களின் கதை எனக்குப் பிடிக்கும். கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க வரும் பிள்ளைகள் எண்ணிக்கையிலும் பழக்கத்திலும் குறைந்துகொண்டே போவதை எபன் அப்டனும் அவருடைய சகாக்களும் கவனித்தார்கள். முந்தைய தலைமுறைக்கு வீட்டில் பிபிசி மைக்ரோ மாதிரியான கணினிகள் இருந்தன. சுவிட்சைப் போட்டதும் நிரல் எழுதச் சொல்லிக் காத்திருக்கும் இயந்திரங்கள் அவை. 1984-ல் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வந்ததும் அதே பிபிசி மைக்ரோதான். அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றுதான் 2012 பிப்ரவரி 29 அன்று முதல் ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. அது வெறும் சர்க்யூட் பலகை. கீபோர்டுக்குள் அடங்கிய இந்த 400, 2020 நவம்பரில் வந்தது. அறிமுக விலை 70 டாலர். மவுஸ், பவர் அடாப்டர், கேபிள், கார்டு, வழிகாட்டிப் புத்தகம் எல்லாம் சேர்ந்த பெட்டி 100 டாலர்.

நாங்கள் கீபோர்டை மட்டும் வாங்கி, மற்றதைச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இங்கே இரண்டு எச்சரிக்கை. கடையில் மினி எச்டிஎம்ஐ, மைக்ரோ எச்டிஎம்ஐ இரண்டும் ஒரே கொக்கியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். இதற்கு வேண்டியது மைக்ரோ. நான் மினியை வாங்கி வந்து, மறுநாள் திரும்பவும் மெட்ரோ பிடித்துப் போனேன். அடுத்தது பவர். இது கேட்பது 5 வோல்ட், 3 ஆம்பியர். முனை பொருந்துகிறதே என்று பழைய போன் சார்ஜரைச் செருகினால், திரையின் மூலையில் மின்னல் குறி வரும். மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்தும் அப்படியே ஓட்டாதீர்கள். எல்லாம் வாங்கி முடித்தபோது பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. திரைக்கு ஹாலில் இருக்கும் டிவி. தனியாக இயர்போன் துளை கிடையாது, எங்கள் வீட்டில் சத்தம் டிவி வழியாக வருகிறது. ராத்திரி கால் இருக்கும் வீட்டில் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரத்தில் கெட்டது. மழைக்கு முன் அடித்த காற்றில் கரண்ட் போய்ப் போய் வந்தது. இதற்குள் பேட்டரி இல்லை, அதனால் எதையோ சேமித்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்படியே அணைந்தது. திரும்பப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, பாதியில் நின்றன. கணினியை இயக்கும் சிஸ்டம் முழுவதும் மெமரி கார்டில்தான் இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைத்த கார்டு, அதில் எழுதியிருந்தது சிதைந்துவிட்டது. மகள் அழ ஆரம்பித்தாள். "அம்மா, நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. டேப்லெட்டைக் கீழே போட்ட அன்றும் இதே வார்த்தைகள்தான். கெட்டுப்போனால் திட்டு விழும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அன்று ராத்திரி கார்டைக் கழற்றி, என் சொந்த லேப்டாப்பில் செருகி, அதை மறுபடி எழுதும் வேலையை அவளிடமே விட்டேன். ராஸ்பெர்ரி பை இமேஜர் என்று ஒரு இலவச மென்பொருள். எந்தக் கணினி, எந்தச் சிஸ்டம், எந்தக் கார்டு என்று மூன்று கேள்விகள் கேட்கும். கார்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள், வேறொரு டிஸ்க்கைத் தப்பாகத் தொட்டுவிடக் கூடாது. அரைமணி நேரத்தில் முடிந்தது. கார்டைத் திரும்பச் செருகிப் போட்டதும் புதுசு மாதிரி எழுந்து வந்தது. அதற்குப் பிறகு அவளாக நான்கு முறை கார்டை அழித்து எழுதியிருக்கிறாள். இரண்டு முறை கெட்டதால், இரண்டு முறை சும்மா. இந்தப் பொருளுக்கு நான் கொடுத்த காசு அந்த ஒரு ராத்திரியிலேயே வசூலாகிவிட்டது.

சிஸ்டத்தின் பெயர் ராஸ்பெர்ரி பை ஓஎஸ். டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது, இலவசம். அதனால் தமிழுக்கு வேண்டியதெல்லாம் டெபியனின் தொகுப்பிலிருந்தே கிடைக்கிறது. எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் நிறுவ எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது, லினக்ஸ் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தமிழ்99-இல் உயிர் இடது கைக்கும் மெய் வலது கைக்கும் என்று பிரிந்திருப்பதால், அவள் பத்து நாளில் பழகிவிட்டாள். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டும் என்னைவிட இப்போது அவள் வேகம்.

இனி கோலம். நான் எழுத வந்ததே இதற்காகத்தான்.

பைதான் என்ற நிரல் மொழியோடு 'ஆமை' என்று ஒன்று வரும். ஐம்பது அடி முன்னே போ, தொண்ணூறு பாகை திரும்பு என்று சொன்னால், திரையில் ஆமை நகர்ந்து கோடு போடும். 1960-களில் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் குழந்தைகளுக்காக உண்டாக்கிய லோகோ மொழியின் வழியில் வந்தது. மகள் சதுரம், நட்சத்திரம் எல்லாம் போட்டுச் சலித்துப்போய், "அப்பாயி போடுற சிக்குக்கோலம் வருமாம்மா?" என்று கேட்டாள். அத்தை கும்பகோணம் பக்கம். மார்கழியில் வாசலை அடைத்துப் போடுவார். அபார்ட்மெண்டுக்கு வந்த பிறகு, கதவுக்கு வெளியே இரண்டடி இடத்தில் அடக்கிப் போடுகிறார்.

"நேர்ப்புள்ளி மூணுக்கு மூணு வெச்சு ஆரம்பி" என்று அத்தை நோட்டில் போட்டுக் காட்டினார். அவள் அதையே விதியாக எழுதினாள்: புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகப் போ, ஓரம் வந்தால் வளைந்து திரும்பு, தொடங்கிய இடம் வந்தால் நில். ஓட்டினால், ஆமை மூலையிலிருந்து எதிர்மூலை வரை போய், மூன்று புள்ளிகளைச் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. மற்ற ஆறு புள்ளிகள் அப்படியே கிடந்தன. டெஸ்டர் புத்தியில் நான், "எங்கேயோ பக் இருக்கு, திரும்புற கோணத்தைப் பாரு" என்றேன். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் கோணத்தைத் தேடினோம்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை எழுந்து வந்து டிவியைப் பார்த்தார். "சரியாத்தானே வந்திருக்கு? மூணுக்கு மூணு ஒரே கம்பியில வராது கண்ணு. எடுத்து எடுத்து மூணு தடவை போடணும். மூணுக்கு நாலு வெச்சுப் பாரு."

எண்ணை மாற்றினாள். ஆமை ஓரத்தில் முட்டி, வளைந்து, திரும்பி, பன்னிரண்டு புள்ளிகளையும் சுற்றி, ஒரே கோட்டில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவளை யாரும் உட்காரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு கம்பி. ஆறுக்கு ஒன்பது என்றால் மூன்று. ஐந்துக்கு ஏழு, ஒன்றே ஒன்று. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டாள். ஆறாம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணி நடத்திய அன்று, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல், "அம்மா, கம்பி எத்தனைன்னு இப்ப எனக்குத் தெரியும்" என்றாள். இரண்டு எண்களுக்கும் மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ, அத்தனை கம்பி. அத்தைக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் எந்தப் புள்ளிக் கணக்கு ஒரே கம்பியில் வரும் என்று அறுபது வருடமாகக் கைக்குத் தெரிந்திருக்கிறது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கல்லூரி. அதை நான் தெரிந்துகொண்டது போன வருடம்தான்.

"இதே காசுக்கு நல்ல பழைய லேப்டாப் கிடைக்குமே" என்று அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள். கிடைக்கும். திரை இருக்கும், பேட்டரி இருக்கும், வேகமும் கூடுதலாக இருக்கலாம். பள்ளி வேலைக்கும் வீடியோ வகுப்புக்கும் மட்டும் கணினி தேடுகிறீர்கள் என்றால் அதையே வாங்குங்கள். 4 ஜிபி ரேமும் கார்டிலிருந்து ஓடும் சிஸ்டமும் எவ்வளவு தருமோ, இது அவ்வளவுதான் தரும். கேமராவும் மைக்கும் தனியாக வாங்க வேண்டும். விண்டோஸில் மட்டும் ஓடும் விளையாட்டுகளைக் கேட்கும் பிள்ளைக்கு இது ஏமாற்றம். ஆனால் லேப்டாப்பை ஒரு பிள்ளை அழித்து எழுதட்டும் என்று எத்தனை வீட்டில் விடுவார்கள்? இங்கே கழற்றுவது நகத்தளவு கார்டு. அவள் கார்டைக் கழற்றிவிட்டு என் கார்டைப் போட்டால் அதே கீபோர்டு என் கணினி. யாருடைய வேலையும் யாராலும் கெடாது.

பின்பக்க ஊசிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்இடி வைத்து சிக்னல் விளக்கு செய்திருக்கிறாள், அருமையாக எரிகிறது. அந்த ஊசிகள் தாங்குவது 3.3 வோல்ட். பக்கத்திலேயே 5 வோல்ட் ஊசிகளும் இருக்கின்றன. அந்த 5 வோல்ட்டை உள்ளீட்டு ஊசியில் தெரியாமல் இணைத்தால் செயலி போய்விடும், அதைக் கார்டு அழித்துச் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு எல்இடியோடும் ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். வயரை மாற்றும்போது பவரை எடுத்துவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம்.

2024 டிசம்பரில் இதன் அடுத்த வடிவமான 500 வந்துவிட்டது, 8 ஜிபி ரேம், வேகம் கூடுதல். புதிதாக வாங்குபவர்கள் இரண்டின் விலையையும் பார்த்து முடிவு செய்யுங்கள். கோலம் போட 400 தாராளம். எதை வாங்கினாலும் முழுப் பெட்டியாக வாங்குங்கள், கேபிளுக்கும் அடாப்டருக்கும் அலைய வேண்டாம். ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் நல்லது. மெமரி கார்டு மட்டும் நல்லதாக இரண்டு வாங்குங்கள். ஒன்றில் சிஸ்டத்தை எழுதித் தயாராக வைத்துவிட்டு, மற்றதைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.