கன்னடியன் காலா, ஸ்ரீவைகுண்டம் கரையா, பாபநாசமா: சைக்கிளுக்கு எது தோது?

என் சித்தப்பா மகன் நெதர்லாந்துல இருக்கான். அவன் அனுப்புற போட்டோ எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும், தட்டையா வயக்காடு, நடுவுல கால்வாய், கரையில சைக்கிளுக்குன்னே ஒரு ரோடு, பின்னால காத்தாலை. கிண்டர்டைக்னு ஒரு ஊர்ல மட்டும் 19 காத்தாலை நிக்கிது, முக்காவாசி 1740 வாக்குல கட்டினது. இப்ப பொங்கலுக்கு பொண்டாட்டி பிள்ளையோட வரான். "அண்ணே, நம்ம ஊர்ல இதே மாதிரி ஒரு நா மிதிக்கணும், பஸ்ஸு லாரி வரப்படாது, ஏத்தம் இருக்கப்படாது, ஆறு வேணும், பழைய மில்லு ஒண்ணு கண்ணுல பட்டா ரொம்ப சந்தோசம்"னு வாய்ஸ் நோட்ட போட்டுட்டு அவன் தூங்கிட்டான், சோலி என் தலையில.

பஸ்ஸும் லாரியும் வராத ரோடு, அதுவும் திருநெல்வேலியிலயான்னு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சா, ரோட்ட எதுக்கு தேடணும், நம்மகிட்ட வாய்க்கா இருக்கே. தாமிரவருணியில எட்டு அணைக்கட்டு, கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியா ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொண்ணுலேர்ந்தும் கால், அதாவது வாய்க்கா, பிரிஞ்சு போகுது, அம்புட்டும் மோட்டார் இல்லாம தானா ஓடுற தண்ணி. தண்ணி தானா ஓடணும்னா தரை கொஞ்சங்கொஞ்சமாத்தான் சரியணும், மேடு வந்தா வாய்க்கா சுத்திக்கிட்டுப் போயிரும். அப்ப அது கரையிலயே போனா நமக்கும் ஏத்தம் வராதுல்ல. நாமளா லெவல் பாக்க வேண்டியதில்ல, தண்ணி எப்பவோ பாத்து வச்சிருக்கு. இந்தக் கணக்குல மூணு வழிய எடுத்து, ஞாயித்துக்கிழமை காலையில மிதிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுறேன்.

மில்லு கேட்டான்ல, அதனால முதல்ல பாபநாசம் பக்கம். அம்பாசமுத்திரத்துல சைக்கிள இறக்கி விக்கிரமசிங்கபுரம் வழியா மேற்க. மில்லுன்னா இதுதான் மில்லு. 1880கள்ல ஹார்வி சகோதரங்க ஆரம்பிச்ச பஞ்சாலை, மலையில இருந்து விழுற தாமிரவருணித் தண்ணியோட வேகத்த நம்பித்தான் இந்த மூலையில வந்து கட்டினாங்க, இல்லன்னா பஞ்சு விளையுற கரிசக்காட்ட விட்டுட்டு இங்க எதுக்கு வரணும். டச்சுக்காரன் காத்த வச்சு வயல்ல நிக்கிற தண்ணிய வெளியேத்துனான், இங்க தண்ணிய வச்சு நூல் நூத்தாங்க, நேர் எதிர். தூத்துக்குடி கோரல் மில்லும் இதே ஹார்வி கூட்டத்தோடதுதான், 1908ல வ.உ.சி முன்ன நின்னு வேலைநிறுத்தம் நடத்துனாரே அந்த மில்லு. விக்கிரமசிங்கபுரத்துல வயசான அண்ணாச்சிமாருகிட்ட கேட்டா இன்னமும் மில்லு சங்க வச்சுத்தான் மணி சொல்லுவாங்க, முதச் சங்கு ரெண்டாஞ்சங்குன்னு.

பாக்க அருமை, மிதிக்க சவம். அம்பை–பாபநாசம் ரோடு பஸ் ரோடு, வேனு, குத்தாலம் போயிட்டு அப்படியே இங்கயும் குளிக்க வர்ற கூட்டம், அமாவாசைன்னா கேக்கவே வேண்டாம். மலைய நெருங்க நெருங்க லேசா ஏத்தம் வேற, பெருசா ஒண்ணுமில்ல ஆனா பத்து வயசு பிள்ளைக்கு அது போதும் அழுறதுக்கு. மில்லையும் வெளிய நின்னு மதிலத்தான் பாக்கலாம். இன்னும் மேல கல்யாண தீர்த்தம் பக்கம் போனா விடுதலைப் போராட்டக்காரர் வ.வே.சு. ஐயர் 1925ல தண்ணியில விழுந்த மகளக் காப்பாத்தப் போய் இறந்துபோன அருவி, அதுக்கு நடந்துதான் போகணும், சைக்கிள் கதை இல்ல. அம்பைக்குத் திரும்பி நதியுண்ணிக் கால் கரையில கொஞ்ச தூரம் போனது மட்டுந்தான் அன்னைக்கு உருப்படி (நதிய உண்ணுறதாம், பேரு வச்சவன் கவிஞனாத்தான் இருக்கணும்). ரெண்டு மைல் நல்லா இருந்துச்சு, அதுக்கப்புறம் கரைய செடி மூடிட்டு.

ரெண்டாவது ஸ்ரீவைகுண்டம். இது கோயில் பைத்தியம், பழசுப் பைத்தியம் உள்ளவங்களுக்கு. இங்க முடிவு பண்ண வேண்டியது வடகரையா தென்கரையாங்கறதுதான், அத மாத்தி எடுத்தா நாள் போச்சு. தென்கரையில திருநெல்வேலி–திருச்செந்தூர் மெயின் ரோடு, சஷ்டி, விசாகம், மாசித் திருவிழான்னு எப்பவும் வண்டி, அதுல சைக்கிள்ல போறது நம்ம உசுர நாமளே ஏலம் விடுறது. ஆனா ஆதிச்சநல்லூர் அந்தப் பக்கந்தான் இருக்கு, ஜெர்மன்காரர் ஜாகோர் 1876ல தோண்டிப் பாத்த இடம், அப்புறம் அலெக்ஸாண்டர் ரே வந்து குவியல் குவியலா எடுத்தாரே அது. அங்கேயே குழிக்கு மேல கண்ணாடி போட்டு முதுமக்கள் தாழிய அது கிடந்த மாதிரியே காட்டுறாங்க, சின்னப் பிள்ளையும் வாயத் தொறந்துக்கிட்டுப் பாக்கும். அதுக்கு மட்டும் கார்ல போயிட்டு வந்துரலாம்.

மிதிக்கிறதுன்னா வடகரை. ஸ்ரீவைகுண்டத்துல ஆரம்பிச்சு நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம்னு நவதிருப்பதிங்கிற ஒம்பது பெருமாள் கோயில்ல நாலு இந்தப் பக்கம் வரிசையா வந்துரும், ரெட்டைத் திருப்பதி கொஞ்சம் தள்ளி. ஊர் ரோடுதான், ஆனா டவுன் பஸ்ஸும் வாழைத்தார் ஏத்துற வண்டியும் தவிர பெருசா ஒண்ணும் வராது. ரெண்டு பக்கமும் வாழை, வாழை விட்டா நெல்லு, நெல்லு விட்டா குளம். திருப்புளியங்குடியில பெருமாள் படுத்திருக்கிற நீளத்துக்கு பாதத்த வெளிய ஜன்னல் வழியாத்தான் பாக்கணும், சைக்கிள சாத்திட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு வந்துரலாம். பனங்காடு தொடங்குற பக்கம் சீசன்ல காலையில பதநீர் கிடைக்கும், பொங்கலுக்கு வரவன் அதுக்குக் கொடுத்து வைக்கல.

இதுல குறைய மறைக்கப்படாது. 2023 டிசம்பர் 17, 18ல பெய்ஞ்ச மழை ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, திருச்செந்தூர் ட்ரெயினு ஸ்ரீவைகுண்டத்துல ஜனத்தோட அப்படியே நின்னுச்சு. அந்த வெள்ளம் இந்தப் பக்கத்து குளத்துக்கரை வாய்க்காக்கரை எல்லாத்தையும் மென்னு துப்பிட்டுப் போச்சு. சரி பண்ணிட்டாங்க, ஆனா சரி பண்ணின கரையில புது மண்ணும் சரளையும், ஒல்லி டயர் வழுக்குது. நான் ஒரு இடத்துல சைக்கிள மெதுவா உருட்டிக்கிட்டே போனேன், ஒரு ஆச்சி களை எடுத்துக்கிட்டு இருந்தவ நிமிந்து பாத்து "ஏய்யா, காத்து இறங்கிட்டா?"ன்னு கேட்டா. இல்ல ஆச்சி, பயம்னேன்.

இப்ப கன்னடியன். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்துல அணைக்கட்டுலேர்ந்து தென்கரையில பிரிஞ்சு வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடைன்னு ஊர் ஊரா தொட்டுக்கிட்டு கிழக்க வர்ற கால். இத வெட்டுனவன் கதை உங்களுக்குத் தெரியும், கன்னட தேசத்துலேர்ந்து வந்த ஒரு பிராமணப் பையன் ராஜா கொடுத்த பொன்ன என்ன செய்யன்னு தெரியாம ஒரு பசுவோட வால பிடிச்சுக்கிட்டுப் போனானாம், பசு நடந்த வழி கால்வாய், படுத்த இடம் குளம். கதைன்னு தள்ளிரலாம், ஆனா சைக்கிள்ல போய்ப் பாருங்க, மாடு நடக்கிற மாதிரியேதான் அது வளைஞ்சு வளைஞ்சு போகுது, எந்த மாடும் வேணும்னு மேட்டுல ஏறாதுல்ல.

எனக்கு இதுதான் பிடிச்சுது, கதைக்காகச் சொல்லல. கரை முழுக்க ஓட்டலாம்னு நான் சொல்லல, ஊருக்குள்ள வரும்போது வீடு, சாக்கடை, படித்துறையில துணி துவைக்கிற கூட்டம், அங்க இறங்கித் தெரு வழியா சுத்திட்டு மறுபடி கரை ஏறணும். ஆனா ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்குதே அந்தத் தூரம், ஒரு பக்கம் தண்ணி, மறு பக்கம் பிசானப் பருவத்து நெல்லு, மேற்க பொதிகை, வர்றது போறதெல்லாம் ஆட்டுக்காரரும் டிவிஎஸ் எக்ஸெல்லும்தான். ஹாரன் சத்தமே கிடையாது, மடையில தண்ணி விழுற சத்தந்தான். நெதர்லாந்துல இதுக்குன்னு காசு போட்டு ரோடு போட்டிருக்கான், நமக்கு விவசாயம் பாக்க போட்ட கரை. அதனால நாமதான் ஒதுங்கணும், எருமை வந்தாலும் சரி, உரமூட்டை ஏத்துன வண்டி வந்தாலும் சரி.

மில்லு? இருக்கு, ஆனா அவன் நினைக்கிற மில்லு இல்ல. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கம் பழைய ரைஸ்மில்லு, முன்னால பெரிய நெல்லுக்களம், நெல்லு அவிக்கிற வாசனை ரோட்டுக்கே வரும். பூட்டிக் கிடக்கிறதும் உண்டு, ஓடுறதும் உண்டு. ஓடுறதுக்குள்ள எட்டிப் பாத்தா "வாங்க தம்பி, என்ன வேணும்"னு கூப்பிட்டு உமி பறக்கிற எடத்துல நிக்க வச்சு எல்லாம் காட்டுவாங்க, பஞ்சாலை மதிலு நமக்கு அத காட்டாது. தொழில் பாக்கணும்னா இன்னும் இருக்கு: கல்லிடைக்குறிச்சியில அப்பளம், வீரவநல்லூர்ல தறி, காருகுறிச்சியில மண்பானை (நாதஸ்வரம் அருணாசலம் பொறந்த ஊரும் அதேதான்), பத்தமடையில கோரைப்பாய். அந்தக் கோரை ஆத்தங்கரையில வளர்ந்து, தண்ணியில ஊறி, நூலு மாதிரி கிழிஞ்சு பாயாகுது, தண்ணி இல்லன்னா இந்த வரிசையில ஒரு தொழிலும் இல்ல. ஒரே நாள்ல எல்லாத்தையும் பாக்க நினைச்சா மிதிக்க நேரம் இருக்காது, ரெண்ட எடுத்துக்கோங்க, என்னக் கேட்டா அப்பளமும் பாயும். கூட ஒரு மணி நேரம் இருந்தா வீரவநல்லூர்லேர்ந்து திருப்புடைமருதூருக்கு ஒரு வெட்டு, கோயில் கோபுரத்துக்குள்ள மரச் சிற்பமும் பழைய ஓவியமும், வெளிய மருத மரத்துல கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கும். 2005லயே பறவைகளுக்கான காப்பிடமா அறிவிச்ச ஊரு, அங்க பட்டாசு வெடிக்காம பறவைய பாத்துக்கிடுறது ஊர்க்காரங்கதான்.

காத்த மறந்துட்டேன், அதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். ஆனி, ஆடியில மேகாத்து செங்கோட்டைக் கணவாய் வழியா வந்து அடிக்கும் பாருங்க, கரண்டு எடுக்குற காத்தாடி சுத்துறதே அந்தக் காத்துக்குத்தான். அதுக்கு எதிர்ல மேற்க மிதிச்சா தட்டையான தரையும் மலை மாதிரிதான். அதனால எந்த மாசமானாலும் மேற்க இருந்து கிழக்க வாங்க, தண்ணி போற திசையில. பொங்கல் சமயம் வாடைக்காத்து லேசாத்தான் இருக்கும், கால்ல தண்ணியும் ஓடும், வயலும் பச்சை. சித்திரையில போனா கால் காஞ்சு கிடக்கும், கரையில நிழலும் கிடையாது. (காத்தாடிக்காகவே பணகுடி, காவல்கிணறு பக்கம் போலாமேன்னு ஒருத்தர் சொன்னாரு. நாலு வழிச்சாலை ஓரத்துல காத்துல தள்ளாடிக்கிட்டு மிதிக்கிறதுக்குப் பேரு டூர் இல்ல.)

சைக்கிள் எதுன்னா, கியர் தேவையே இல்ல, தடிச்ச டயர்தான் தேவை. நான் இந்தக் கரைக்கு முதல் வாரம் கடன் வாங்கின ஒல்லி டயர் வண்டியில போய் சேரன்மகாதேவிக்கு முன்னாலயே ரெண்டு பஞ்சர், ரெண்டும் உடைமுள்ளு, கரையோரம் வெட்டிப் போட்டது அப்படியே காஞ்சு கிடக்கு. ரெண்டாவது பஞ்சருக்கு ஒட்டு தீர்ந்துபோய் வண்டிய தள்ளிக்கிட்டு ஊருக்குள்ள வந்தா, ஞாயித்துக்கிழமை பஞ்சர் கடை அடைச்சிருக்கு. பால்கார அண்ணாச்சி ஒருத்தர்தான் கேனு பக்கத்துல சைக்கிளையும் கட்டி ஸ்டேஷன்ல கொண்டு விட்டாரு, துட்டு கொடுத்தா வாங்கல. மறு வாரம் அப்பாவோட பழைய ஹெர்குலிஸ்ல போனேன், ஒரு முள்ளும் ஏறல.

இந்த வழியோட இன்னொரு வசதி, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி எல்லாத்துலயும் ரயில் ஸ்டேஷன் இருக்கு. பிள்ளைக்கு கால் வலிச்சா அவங்கம்மா கூட்டிக்கிட்டு ட்ரெயின்ல திருநெல்வேலி வந்துரலாம், சைக்கிள குட்டியானையில போட்டுக்கலாம். ஸ்ரீவைகுண்டம் வடகரையில அப்படி நடுவுல கைவிட முடியாது, ஸ்டேஷன் எல்லாம் தென்கரையில.

அதனால அவனுக்கு இப்படித்தான் சொல்லியிருக்கேன்: மொத நாள் கன்னடியன், விடியக்கால ஆறு மணிக்கு கல்லிடைக்குறிச்சியில, பத்தமடையில மத்தியானச் சாப்பாடு. உனக்கு இன்னும் ஆசை இருந்தா, பொண்டாட்டி பிள்ளைய வீட்டுல விட்டுட்டு, நீயும் நானும் மட்டும் ஒரு நாள் ஸ்ரீவைகுண்டம். பாபநாசத்துக்கு கார்ல போய் குளிச்சுட்டு, மில்லு மதிலுக்கு முன்னால நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வருவோம். அதுக்கு அவன் போட்ட பதில்: "அண்ணே, அங்க ஹெல்மெட் கிடைக்குமா?" கரையில எதுக்குடா ஹெல்மெட், ரெண்டு ஒட்டுப் பெட்டியும் ஒரு கைப்பம்பும் கொண்டு வான்னு போட்டிருக்கேன், இன்னும் டிக் நீலமாகல.