தெளிச்சிட்டு விட்டுடற பாசி மருந்து: வேலை செய்யுது, ஆனா லேபிள்ல போட்ட மாதிரி இல்ல

தோட்டத்து பாதைக்கும் பின்னாடி இருக்கற சிமெண்ட் தளத்துக்கும் பாசி மருந்து தேடுறவங்களுக்காக எழுதறேன். இந்த மருந்த தண்ணில கலந்து பாசி மேல தெளிக்கணும், அப்புறம் அப்படியே விட்டுடணும், தேய்க்கவும் வேணாம் கழுவவும் வேணாம். உள்ள இருக்கறது பென்சல்கோனியம் குளோரைடு. வேற வேற பேர்ல வேற வேற கலர் கேன்ல வருது, ஆனா கேன திருப்பி பின்னாடி இருக்கற பொடி எழுத்த படிச்சா நிறைய கேன்ல இதே சரக்குதான். அதனால பிராண்ட் பாக்காதீங்க, எத்தன சதவீதம் இருக்குன்னு மட்டும் பாருங்க. ரெடியா கலந்து வர்றது வேண்டாம், கெட்டியா இருக்கறத வாங்கி நாமளே கலந்துக்கலாம், இல்லன்னா காசு பூரா தண்ணிக்குத்தான் போகுது.

இதுக்கு ஒரு ஸ்டார் போட்டு திட்டி வச்சிருக்கறவங்கள்ல முக்கால்வாசி பேர் மறுநாள் காலைல போய் பாத்திருப்பாங்கன்னு நினைக்கிறேன். மறுநாள் ஒண்ணும் தெரியாது, பச்ச பச்சையாவேதான் இருக்கும். சில நாள் போனா மஞ்சளடிக்கும், அப்புறம் பழுப்பாகும், அதுக்கப்புறம் மழையும் வெயிலும் காத்தும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு போகும், தடிமனா இருந்த எடத்துல இது வாரக்கணக்குல இழுக்கும். அவசரம்னா, நாளைக்கு விருந்தாளி வர்றாங்கன்னா இது உங்களுக்கான சாமான் இல்ல.

ப்ளீச் ஊத்துனா உடனே வெளுக்குமேன்னு கேப்பீங்க, வெளுக்கும்தான். ஆனா ப்ளீச் வேலைய முடிச்சிட்டு சீக்கிரம் சிதைஞ்சு போயிடும், தரைல எதுவும் தங்காது, போற வழில ஓரத்துல இருக்கற செடியையும் கருக்கிட்டுதான் போகும், பக்கத்துல இரும்பு கிராதி இருந்தா துருவும் ஏறும். இந்த மருந்துக்கு பாசிட்டிவ் சார்ஜ், கல்லு சிமெண்ட் பரப்புக்கு பொதுவா நெகட்டிவ் சார்ஜ், அதனால இது தரையோட ஒட்டிக்கிட்டு கொஞ்ச காலம் நிக்கும். பாசியோட செல் சவ்வ ஒடைச்சு கொல்லுது, புதுசா வந்து உக்கார்றதையும் ஒட்டி நிக்கற வரைக்கும் தடுக்குது. இதுக்காகத்தான் நான் ப்ளீச்ச விட்டு இதுக்கு வந்தேன்.

இதே சார்ஜ்னால ஒரு வம்பும் இருக்கு, இத எந்த லேபிள்லயும் கொட்டை எழுத்துல போடறதில்ல. சோப்பு, பாத்திரம் தேய்க்கற லிக்விட், துணி துவைக்கற பவுடர் இதெல்லாம் பெரும்பாலும் நெகட்டிவ் சார்ஜ், ரெண்டும் சந்திச்சா ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கிட்டு மருந்து செயலிழந்து போகும். "முதல்ல சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு அப்புறம் மருந்து அடிச்சேன், பத்து பைசா பிரயோஜனம் இல்ல"ன்னு யாராவது சொன்னா காரணம் அதுதான். சோப்பே வேணாம். காஞ்ச இலை, மண்ணு, தூசிய பெருக்கி எடுத்துட்டு, மெத்து மெத்துன்னு வளர்ந்து கெடக்கற பாசிய கரண்டியால சுரண்டிட்டு அடிங்க, மண்ணும் குப்பையும் மேல கெடந்தா மருந்த அதுவே குடிச்சிடும். தரை காஞ்சிருக்கணும், அடிச்சப்புறம் ஒரு பகலாவது மழை வராம இருக்கணும். ஸ்ப்ரேயர்ல பொடித் தூவலா அடிச்சா காத்துல பறந்து செடி மேலயும் நம்ம மூஞ்சி மேலயும் விழும், செடிக்கு தண்ணி ஊத்தற பூவாளி இதுக்கு நல்லா இருக்கு. கையுறை கண்டிப்பா போடுங்க, கண்ணுல பட்டா சும்மா விடாது.

இப்ப இது தோத்த எடம். மழைக்காலத்துல தரைல கரும்பச்சை கலர்ல வழவழன்னு ஜெல்லி மாதிரி ஒண்ணு கெடக்குமே, வெயில் வந்தா சுருங்கி கருப்பு காகிதச் சருகு மாதிரி ஆயிடும், செத்துடுச்சுன்னு நினைப்போம், அடுத்த மழைக்கு ஊதி பழையபடி வழுக்கும். அது நாஸ்டாக். பாசின்னு சொல்றோம், உண்மைல அது சயனோபாக்டீரியா, அதாவது பாசி மாதிரியே வெயில்ல சாப்பாடு தயாரிச்சுக்கற ஒரு பாக்டீரியா வகை, வருஷக்கணக்குல காஞ்சு கெடந்தும் தண்ணி பட்டா எழுந்திருக்கற ஜென்மம். அந்த ஜெல்லிய தாண்டி மருந்து உள்ள இறங்கறது ரொம்ப கஷ்டம், எனக்கு மேலாப்புல கொஞ்சம் நெறம் மாறுனதோட சரி. அத ஈரமா ஊதி இருக்கும்போதே தட்டை மண்வெட்டியால வழிச்சு எடுத்து வெளிய போட்றதுதான் வழி. காஞ்சப்புறம் வெளக்குமாத்தால பெருக்குனா துண்டு துண்டா ஒடைஞ்சு தளம் பூரா வெதச்ச மாதிரி ஆயிடும்.

பிரஷர் வாஷர் ரசிகர்கள் கோச்சுக்காதீங்க. கண்ணுக்கு முன்னாடி பளிச்சுன்னு ஆகற சந்தோஷம் எனக்கும் புரியுது, ஆனா பேவர் பிளாக் நடுவுல போட்ட மணல தோண்டி எடுத்துடும், பழைய சிமெண்ட்ட கிட்டக்க வச்சு அடிச்சா மேல் பூச்சு போய் சொரசொரன்னு ஆயிடும், அந்த சொரசொரப்புல ஈரமும் தூசியும் தங்கி பாசி முன்ன விட வசதியா உக்காரும். வினிகர் அமிலம், சிமெண்ட்டயும் சுண்ணாம்புக் கல்லயும் மார்பிளயும் தின்னும். உப்பு மண்ண கெடுக்கும். அப்புறம் ஒரு விஷயம், ப்ளீச் ஊத்துன எடத்துல வினிகரோ பாத்ரூம் கழுவற ஆசிடோ சேர்த்து ஊத்தவே ஊத்தாதீங்க, குளோரின் வாயு வரும், அது விஷம்.

லேபிள்ல "மறுபடி வராமல் தடுக்கும்"னு போட்டிருக்கே, அங்கதான் எனக்கு கடுப்பு. மருந்து மழைல கரைஞ்சு போற வரைக்கும்தான் தடுக்கும். தண்ணி தேங்கி நிழல் விழற எடத்துல திரும்ப வந்தே தீரும், நீங்க எந்த கேன் வாங்கினாலும். எங்க தளத்துலயே வெயில் படற பாதி அப்படியே சுத்தமா இருக்கு, செடித் தொட்டி வரிசையா வச்ச ஓரம் மட்டும் பச்சையடிக்க ஆரம்பிச்சது, மருந்து ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். தொட்டிகள கால் வச்ச ஸ்டாண்ட்ல தூக்கி வச்சு, மேல கவிஞ்சிருந்த கெளைய கழிச்சு விட்டு, சொட்டிக்கிட்டே இருந்த பைப்புக்கு வாஷர் மாத்துனப்புறம்தான் அந்த ஓரம் அடங்குச்சு. புதுசா தளம் போடறவங்க மீட்டருக்கு ஒண்ணுலேர்ந்து ரெண்டு சென்டிமீட்டர் சரிவு விட்டு போடச் சொல்லுங்க, பாதி பிரச்சனை வராது. தளத்துல தண்ணி ஊறாம இருக்க பூசற சீலர் அடிக்கறதா இருந்தா கல்லுக்குள்ள ஊறுற வகையா கேட்டு வாங்குங்க, மேல படலமா நிக்கற பளபள வகை ஈரத்துல அதுவே வழுக்கும்.

மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலு. நான் வாங்குன கேன் மூடில அளவுக் கோடு கூட இல்ல, ஒரு கேன் எவ்வளவு பரப்புக்கு வரும்னு போட்ட கணக்கு மொழுமொழு தரைக்குத்தான் சரி, சொரசொர சிமெண்ட் அதுக்கு மேல குடிக்குது. அந்த ஒரு மார்க்க கொறைச்சது அதுக்குத்தான்.

பூனை, நாய் வளக்கறவங்க தரை முழுசா காயற வரைக்கும் அதுங்கள வெளிய விடாதீங்க, குறிப்பா பூனை ஈரக் கால நக்குனா வாய் நாக்கெல்லாம் புண்ணாயிடும். மீனுக்கு இது கடும் விஷம், அதனால தேவையான அளவு மட்டும் கலந்துக்கோங்க, மிச்சத்த மழைத்தண்ணி போற கால்வாய்ல கொட்டாதீங்க. மீன் இருக்கற குளமோ தொட்டியோ பாதைய ஒட்டி இருந்தா அந்த பக்கத்துக்கு மருந்தே வேணாம், கெட்டி நார் பிரஷ்ஷும் வெந்நீரும் போதும், கை வலிக்கும், அவ்வளவுதான்.