பெட்டிங்கா, ஃப்ரீ ஃப்ளோட்டிங்கா?

சென்னையில் மரக்கட்டை போட்ட ரைஃபிளுக்கு முதல் எதிரி காற்றின் ஈரம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கட்டை ஊறி, குழலை ஒரு பக்கமாக நெருக்கும். குறி மெல்ல நகரும். இதற்கு ஃப்ரீ ஃப்ளோட்டிங், அதாவது குழலைக் கட்டையில் படாமல் மிதக்க விடுவது, எளிய வழி: குழலுக்கும் கட்டைக்கும் நடுவே தாள் ஒன்று தடையின்றி நழுவ வேண்டும். செலவும் குறைவு.

பெட்டிங் பொறுமை கேட்கும். ஆக்‌ஷன் (குழலைத் தாங்கி, தோட்டாவை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதி) உட்காரும் பள்ளத்தில் எபாக்ஸி பிசின் பூசி, அச்சு வார்த்ததுபோல் பொருத்துவது. ஒட்டாமலிருக்க மெழுகு தடவ மறந்தால் இரும்பும் மரமும் ஒன்றாகிவிடும். அப்புறம் தலையில் கைதான்.

ஒன்றுதான் என்றால் என் ஓட்டு பெட்டிங்குக்கு. ஆக்‌ஷனே ஆடினால் குழல் மிதந்து என்ன பயன்? சில மெல்லிய குழல்கள் கட்டை நுனியின் லேசான அழுத்தத்தில்தான் நன்றாகச் சுடும் என்பதும் உண்மை. வேலையை உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள். 1959 ஆயுதச் சட்டம் அப்படி.