சராசரியா, இடைநிலையா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம். ஏழு பேர் ஒரு நாளில் எடுத்த பச்சை இலை 18, 20, 21, 22, 23, 24, 82 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஆள் கையில் மெஷின். மொத்தம் 210, சராசரி 30. ஆனால் அங்கே 30 கிலோ பக்கம் யாருமே இல்லை! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 22. இதுதான் இடைநிலை. கையால் பறிப்பவர் ஒரு நாளில் எவ்வளவு எடுப்பார் என்பதற்கு இதுவே நேர்மையான பதில். அந்த 82 நாளைக்கு 150 ஆனாலும் இடைநிலை அசையாது, சராசரி எகிறிவிடும்.

அதற்காகச் சராசரியை ஒதுக்கவும் முடியாது. ஃபேக்டரிக்கு எத்தனை கிலோ போகும்? 30-ஐ ஏழால் பெருக்கினால் 210, சரி. 22-ஐப் பெருக்கினால் 154தான், லாரிக் கணக்கு உதைக்கும்.

மழைக்கு இரண்டுமே போதாது. 2019 ஆகஸ்டில் நீலகிரி மலையில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வருடத்துத் தினசரி மழையின் இடைநிலையில் அந்த நாள் இருந்த சுவடே தெரியாது. சராசரியிலோ 365 நாளுக்குப் பங்கு போட்டுக் கரைந்துவிடும். மண்சரிவுக்குப் பயப்படுகிறவர் பார்க்க வேண்டியது உச்ச அளவை.