நோஸ்ஃபெராட்டு ப்ளூ-ரே: எந்தப் பிரதியை வாங்குவது?

கடைசிக் காட்சியில் சேவல் கூவுகிறது, சன்னலில் வெயில் ஏறுகிறது, கவுண்ட் ஓர்லாக் புகையாய்க் கரைந்துபோகிறான். வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி அழிந்துவிடும் என்ற விதி இந்தப் படத்துக்கு மூலமான, பிராம் ஸ்டோக்கரின் 1897 ‘டிராகுலா’ நாவலில் கிடையாது. அதில் டிராகுலா பகலிலும் நடமாடுவான், பலம்தான் குறைந்திருக்கும். அந்த விதியைச் சினிமாவில் நிலைநாட்டியது 1922-இல் எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த இந்த ஊமைப்படம்தான். ஆனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கறுப்பு வெள்ளைப் பிரதியைப் போட்டுப் பாருங்கள். அதே ஓர்லாக் பட்டப்பகலில், தரையில் நிழல் விழ, சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து போவான். கதை அங்கேயே உடைந்துபோகிறது.

கோளாறு படத்தில் இல்லை, பிரதியில். அந்தக் காலத்து பிலிமில் பெரிய விளக்குகள் இல்லாமல் இரவில் வெளிப்புறக் காட்சி எடுக்க முடியாது. அதனால் பகலில் எடுத்துவிட்டு, திரையிடும் பிரதியை நீலச் சாயத்தில் தோய்த்து இரவாக்குவார்கள். விளக்கெரியும் அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. பின்னாளில் அதைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தபோது சாயம் போய்விட்டது, சாயத்தோடு இரவும் போய்விட்டது. ஆகவே வட்டு வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது, சாயம் இருக்கிறதா என்பதை.

இதற்கு நம்பி வாங்கக்கூடியது ஜெர்மனியின் முர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியத்துவா 2005-06-இல் செய்த மீட்டுருவாக்கம். பிரிட்டனில் யுரேகா நிறுவனத்தின் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா’ வரிசையிலும், அமெரிக்காவில் கினோ வெளியீடாகவும் இது ப்ளூ-ரேயில் வந்திருக்கிறது. உரிமை வாங்காமல் படமெடுத்ததற்காக ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டார். பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி 1925-இல் தீர்ப்பு வந்தது. மூல நெகட்டிவ் இன்று இல்லை. தப்பிய பிரதிகளில், பாரிஸின் சினிமாத்தெக் பிரான்சேஸ் காப்பாற்றி வைத்திருந்த, சாயம் போகாத 1922 பிரதியே இந்த மீட்டுருவாக்கத்துக்கு அடிப்படை. அதில் இல்லாத ஷாட்டுகளை 1939-ஆம் ஆண்டு நகல் ஒன்றிலிருந்தும், ‘பன்னிரண்டாம் மணி’ என்ற பெயரில் 1930-இல் வெட்டி ஒட்டி வெளியிட்ட வடிவத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே நடுநடுவே திடீரென்று படம் மங்கும், கீறல் கூடும். வட்டில் குறை என்று திருப்பி அனுப்ப வேண்டாம், அந்த ஷாட்டுக்கு அதைவிட நல்ல மூலம் இல்லை.

அடுத்தது வேகம். இது வினாடிக்கு 18 சட்டம் (ஃபிரேம்) என்ற கணக்கில் சுமார் 94 நிமிடம் ஓடுகிறது. அதையே 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் 70 நிமிடத்தில் முடிந்துவிடும். விலை மலிவான வெளியீடுகளில் உறையிலுள்ள நேரத்தைப் பார்த்தாலே இது பிடிபடும். வேகம் கூடினால் ஆட்கள் பொம்மைபோல் ஓடுகிறார்கள் என்பதோடு போவதில்லை. கதாநாயகன் ஹட்டரை அழைத்துப்போக ஓர்லாக்கின் வண்டி வரும் காட்சியில் முர்னாவ் வேண்டுமென்றே வண்டியை அதிவேகமாக, வெட்டி வெட்டிப் பாயவிட்டிருக்கிறார். உடனே ஒரு ஷாட் நெகட்டிவாகவே வருகிறது: வானம் கறுப்பு, மரங்கள் வெளுப்பு. மனிதர்களின் உலகத்தைத் தாண்டிவிட்டோம் என்று கண் உணர்கிற இடம் அது. மற்றதெல்லாம் இயல்பான வேகத்தில் இருந்தால்தான் இந்த வண்டி நம்மைத் திடுக்கிட வைக்கும். எல்லாமே ஓடுகிற பிரதியில் அந்த வித்தை செத்துப்போகிறது.

காட்சிகளுக்கு நடுவே வசனத்தையும் கதையையும் காட்டும் எழுத்து அட்டைகளைப் பற்றி விமர்சனங்களில் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஸ்டோக்கரின் நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், கப்பல் பதிவேடு என்று துண்டு துண்டான ஆவணங்களால் ஆனது. ஊர் பெயரும் ஆள் பெயரும் மாற்றினாலும் முர்னாவும் கதாசிரியர் ஹென்ரிக் காலீனும் அந்த அமைப்பை விடவில்லை. கதை நடக்கும் விஸ்போர்க் ஊரின் கொள்ளைநோய் பற்றிய குறிப்பேடு ஒரு கையெழுத்தில், ரத்தக்காட்டேரி பற்றிய பழைய நூல் வேறொரு எழுத்தில், ஓர்லாக்கின் கடிதம் புரியாத குறியீடுகளில் வரும். இவற்றை ஒரே ஆங்கில எழுத்தில் மாற்றியடித்த பிரதியில் பார்ப்பவருக்கு இது வெறும் பேய்ப்படம். அசல் அட்டைகளோடு, ஆங்கில சப்டைட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு நாவலின் எலும்புக்கூடு தெரியும். யுரேகா வட்டு ஜெர்மன் அட்டைகளைத்தான் தருகிறது. கினோவின் இரட்டை வட்டில் ஒன்று ஜெர்மன், ஒன்று ஆங்கிலம். புதிதாக வரைந்து சேர்த்த அட்டைகளில் எஃப்.டபிள்யூ.எம்.எஸ். என்ற முர்னாவ் அறக்கட்டளையின் முத்திரை இருப்பதால் எது பழையது, எது புதியது என்று குழப்பமில்லை.

இசை ஹான்ஸ் எர்ட்மன் 1922-இல் அமைத்தது, பெர்ன்ட் ஹெல்லர் மீட்டெடுத்தது. முழு இசைக்குழு, அடக்கமான வாசிப்பு. பயமுறுத்தும் இசைதான் வேண்டும் என்றால் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் (பி.எஃப்.ஐ.) வெளியிட்ட வட்டு இருக்கிறது. பேய்ப்படங்களுக்குப் பேர்போன பிரிட்டனின் ஹாமர் நிறுவனத்தின் 1958 டிராகுலா படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டின் இசை அதில் உண்டு. இரண்டாவதாக வாங்க ஏற்றது, முதலாவதாக வேண்டாம்.

வாங்குமுன் ரீஜனை, அதாவது எந்த நாட்டு பிளேயரில் வட்டு ஓடும் என்பதைச் சரிபாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் ப்ளூ-ரே ரீஜன் சி, பிரிட்டன் பி, அமெரிக்காவும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ. ரீஜன் பூட்டுள்ள வட்டு சாதாரண பிளேயரில் ஓடாது. டிவியில் ‘மோஷன் ஸ்மூத்திங்’கை அணைத்துவிடுங்கள், 18 சட்டத்தை 24-ஆக்க வழக்கமாக மூன்றில் ஒரு சட்டத்தை இருமுறை காட்டுவார்கள், டிவி அதை வழுவழுப்பாக்கப் பார்த்து முகங்களைக் குழப்பிவிடும். ‘ஷார்ப்னெஸ்’ஸையும் குறையுங்கள். ‘விவிட்’ மோடில் நீலம் பொங்கி வழிந்து, படிக்கட்டில் ஏறும் ஓர்லாக்கின் நிழலின் விரல்கள் சுவரோடு கலந்துவிடும். ‘சினிமா’ மோடில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.