ஹப் மோட்டார் வண்டிக்குப் பணம் கொடுக்கும்முன் ஆக்சில் முனையைப் பாருங்கள்: டெல்டா பக்கத்து நண்பர்களுக்கு எச்சரிக்கை

பழைய பெட்ரோல் ஸ்கூட்டரில் இன்ஜினை இறக்கிவிட்டு ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மின்மோட்டார்) போட்டுத் தரும் பட்டறைகள் கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் இருக்கின்றன. அப்படி ஒன்றில் 52,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றியபோது தெரிந்த விஷயங்களை இங்கே எழுதுகிறோம். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. செய்த வேலை எப்படி இருந்தது என்று தெரிந்தால், வேறு எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

பில்லில் எழுதியிருந்தது: 60 வோல்ட் 1500 வாட் மோட்டார், இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம் (ஆக்சில் சுழலாமல் பிடிக்கும் பிளேட்), புது ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டம்). வண்டியில் டார்க் ஆர்ம் ஒன்றுகூட இல்லை. ஆக்சில் நட்டை அப்படியே ஆக்சிலைத் தாங்கும் பிளேட்டோடு வெல்டிங் வைத்து ஒட்டி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

இது ஏன் மோசம் என்றால், ஹப் மோட்டாரில் சுற்றுவது வெளிக்கூடு. நடுவில் இருக்கும் ஆக்சில் அசையாமல் நிற்க வேண்டும். சக்கரத்தை முன்னால் தள்ளும் அதே முறுக்கு ஆக்சிலைப் பின்னால் திருப்பப் பார்க்கும். 14 மி.மீ. ஆக்சிலில் இருபுறமும் தட்டையாகச் சீவி 10 மி.மீ. ஆக்கியிருப்பார்கள். ஏற்றத்தில் மோட்டார் 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தால், அந்தச் சின்னத் தட்டையின் ஓரங்களில் சுமார் 600 கிலோ விசை விழும். 3 மி.மீ. பிளேட்டில் கேஸ் கட்டிங்கில் அறுத்த, ஆக்சில் உட்காரும் தொளதொள பள்ளம் அதைத் தாங்காது. இந்த வண்டியில் பள்ளம் 12 மி.மீ. அகலம். நட்டு வெல்டிங் மட்டும்தான் ஆக்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

டெல்டா சமதரைதானே என்று பட்டறைக்காரர் சொல்வார். ஆற்றுப் பாலத்து ஏற்றம் இருக்கிறது, வாய்க்கால் கரையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் மேடு இருக்கிறது. பின்னால் ஒரு நெல் மூட்டையோடு நின்ற இடத்திலிருந்து ஏறும்போதுதான் முறுக்கு உச்சத்துக்குப் போகும். வெல்டிங் விட்டது அப்படி ஒரு பாலத்து ஏற்றத்தில்தான். ஆக்சில் சுழன்றதும் அதன் துளை வழியாக வெளியே வரும் மூன்று தடித்த பேஸ் வயரும் (மோட்டாருக்குக் கரன்ட் கொண்டுபோவது) ஐந்து மெல்லிய ஹால் வயரும் (சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சாருடையது) முறுக்கிக்கொண்டு அறுந்தன. பேஸ் வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் மோட்டாரே பிரேக் போட்டதுபோல் சக்கரத்தைப் பிடிக்கும். வேகத்தில் நடந்தால் ஆள் விழுவார். பேஸ் வயர் ஹால் வயரைத் தொட்டால் 5 வோல்ட் சர்க்யூட்டுக்குள் 60 வோல்ட் பாய்ந்து, மோட்டாருக்குப் போகும் கரன்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போய்விடும். இங்கே கன்ட்ரோலரும் போயிற்று. "ஓவர்லோடு ஏத்திட்டீங்க" என்பதோடு பட்டறை கைகழுவிவிட்டது.

இதே நிலையில் வண்டி நின்றால் ஒன்று செய்து பாருங்கள். கன்ட்ரோலரிலிருந்து மூன்று பேஸ் வயரையும் கழற்றி, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் பிரித்துவைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இப்போது இலகுவாகச் சுற்றினால் போனது கன்ட்ரோலரின் மாஸ்ஃபெட் (கரன்டைத் திறந்து மூடும் பாகம்). அப்போதும் இழுத்து இழுத்துச் சுற்றினால் ஷார்ட் மோட்டாரிலோ கேபிளிலோ இருக்கிறது.

சரியான டார்க் ஆர்மில் பெரிய வித்தை எதுவும் இல்லை. குறைந்தது 6 மி.மீ., முடிந்தால் 8 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட் வேண்டும். பள்ளத்தை 9.5க்கு அறுத்து, மீதியை அரத்தால் ராவி, ஆக்சில் தட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்கிற அளவுக்கு இறுக்கமாக வைக்க வேண்டும். கையால் ஆட்டி அசைந்தால் அது வீண். ஆக்சில் நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஸ்விங் ஆர்மோடு போல்ட் போட்டால், அந்தப் போல்ட்டுக்கு வருவது 60 கிலோ விசைதான். இரண்டு பக்கமும் வேண்டும், குறிப்பாக ரீஜென் பிரேக் (மோட்டாரையே பிரேக்காக்கி பேட்டரிக்குக் கரன்ட் திருப்புவது) இருந்தால். முறுக்கு முன்னும் பின்னும் மாறி மாறி வந்து நட்டைத் தளர்த்தும். நட்டை வெல்டிங் செய்தால் பஞ்சருக்குக்கூடச் சக்கரத்தைக் கழற்ற முடியாது. வெல்டிங் சூட்டில் ஆக்சிலுக்குள் போகும் வயரின் இன்சுலேஷனும் உருகும்.

இன்னொரு கோளாறு ஸ்விங் ஆர்ம். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இன்ஜின்தான் ஸ்விங் ஆர்ம். அதை இறக்கினால் பின்சக்கரத்தைத் தாங்க ஒன்றும் மிஞ்சாது. புதிதாகச் செய்தாக வேண்டும். இந்தப் பட்டறை ஜன்னல் கிரில்லுக்கு வாங்கும் மெல்லிய பைப்பில் செய்து, பழைய ஒற்றை ஷாக் அப்சார்பரையே ஒரு பக்கம் மாட்டியிருந்தது. சக்கரம் சாய்ந்து, டயர் ஓரம் தேய்ந்தது. 50×25 மி.மீ. பாக்ஸ் பைப், 2.5 முதல் 3 மி.மீ. கனம், மூலைகளில் முட்டுப் பிளேட், இரண்டு பக்கமும் ஷாக் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். வெல்டிங் நடக்கும்போது மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி மூன்றும் வண்டியில் இருக்கக் கூடாது. மோட்டாரை மாட்டியபடியே வெல்டிங் அடித்தால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் குண்டுகளில் குழி விழும்.

கேபிள் ஆக்சிலை விட்டு வெளியே வந்ததும் ஒரு வளைவு கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். நேராக மேலே கட்டினால் ஐப்பசி மழைத் தண்ணீர் வயரோடு வழிந்து மோட்டாருக்குள் இறங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் முதலில் பேரிங்கில் துரு ஏறும், பிறகு ஹால் சென்சார் போகும்.

1500 வாட் என்பது ஸ்டிக்கர்தான். ஸ்டிக்கரை உரித்தால் கூட்டில் 800 என்று பொறித்திருந்தது. வாட்டை நம்பாமல் கன்ட்ரோலரின் ஆம்பியரைப் பாருங்கள்: 60 வோல்ட், 20 ஆம்பியர் என்றால் பேட்டரியிலிருந்து 1200 வாட்டுக்கு மேல் எடுக்க அது விடாது.

"ஆர்.டி.ஓ. பிரச்சினை வராது" என்பதும் பொய். 250 வாட்டுக்குக் குறைவாகவும் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் ஓடுகிற மின்வண்டிக்குத்தான் பதிவிலிருந்து விலக்கு. ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும் வண்டியை அனுமதி இல்லாமல் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது; விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் எதையும் பிரிக்கும்முன் ஆக்சிலின் இரண்டு முனைகளையும், பள்ளத்தில் ஸ்கேல் வைத்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில் தராமல் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.